தேசம்மாவின் நாலாவது கையெழுத்து

தேசம்மா தெலுங்கு பேசுவதைக் கேட்டவர்களிடம், அவள் சோளிங்கர்க்காரி என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். திருப்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினாறு வருஷம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் அவளுக்கு வேலை. கர்னூல்காரர் வந்து இறங்கினால் கர்னூல் பேச்சு, நெல்லூர்க்காரர் வந்தால் நெல்லூர் இழுப்பு. போன வருஷம் ஒரு விஜயவாடா அம்மாள், "உனக்கு எங்க பக்கம்தானே சொந்த ஊர்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தேசம்மா இல்லையென்று சொல்லவில்லை.

பேச்சுதான் இப்படி. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எட்டாவது வரைக்கும் தமிழில் படித்தவள். தமிழ்ப் பேப்பரைக் கொடுத்தால் மூலையில் இருக்கிற வரி விளம்பரம் வரைக்கும் மடமடவென்று வாசிப்பாள். தெலுங்குப் பலகையைப் பார்த்தால் ஜிலேபி பிழிந்து வைத்த மாதிரி இருக்கும். பஸ்ஸைக் கண்டக்டர் கத்துவதைக் கேட்டுத்தான் பிடிப்பாள். லாட்ஜில் யாராவது துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், "கண்ணாடி எடுத்தாரல, நீ பாரு" என்று கூட வேலை செய்யும் சுமித்ராவிடம் நீட்டுவாள். முப்பத்தேழு வயசில் அவளிடம் கண்ணாடி எங்கே இருந்தது? எல்லாம் கௌரவம். இவ்வளவு பேசுகிறாளே, படிக்கத் தெரியாதா என்று ஒருத்தர் கேட்டுவிடக் கூடாது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நம்மில் யாருக்கு இப்படி ஒரு கண்ணாடி இல்லை, சொல்லுங்கள்.

அவள் வேலை அறை சுத்தம் செய்வது, விரிப்பு மாற்றுவது. மலையில் மொட்டை போட்டு இறங்குகிறவர்கள் தலை நிறையச் சந்தனத்தோடு வந்து படுப்பார்கள். தலையணை உறையெல்லாம் மஞ்சள். ஊறவைத்துக் கசக்கினாலும் லேசில் போகாது. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அப்போதுதான் இரவு தங்கினவர்கள் காலி பண்ணுவார்கள், அடுத்த கூட்டம் பெட்டியோடு வாசலில் காத்திருக்கும். புருஷன் நாகேந்திரனுக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. அங்கேயே நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவான். ஆகவே, சந்திரகிரி போகிற சாலையில் அவர்கள் குடியிருந்த காலனி வீட்டில் விடிந்ததும் பொறுப்பெல்லாம் மகள் ஹர்ஷினி தலையில்தான்.

ஹர்ஷினி ஒன்பதாம் வகுப்பு. பதினாலு வயசு. தம்பி நிதினுக்கு நாலு வயசு. அவனை எழுப்பி, கழுவி, எதையாவது தின்ன வைத்து, அங்கன்வாடியில் விட வேண்டும். அங்கன்வாடி திறப்பது ஒன்பது மணிக்கு. ஹர்ஷினியின் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை மணி எட்டே முக்காலுக்கு. இப்போது நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாலு வயசுப் பிள்ளையைப் பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வர முடியுமா? அவள் விட்டுவிட்டு ஓடுவாள். ஆயா முன்னாலேயே வந்து திறக்கிற நாள் தப்பித்தாள். மற்ற நாள் எவ்வளவு ஓடினாலும் பதினைந்து, இருபது நிமிஷம் போய்விடும்.

பள்ளிக்கூடத்தின் பெயர் எதற்கு, விடுங்கள். அரசாங்கப் பள்ளிக்கூடம். அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வாரத்தில் மூன்று தடவை லேட்டாக வந்தால் மூன்று நாள் சஸ்பெண்ட். மறுபடி என்றால் ஐந்து நாள். அப்புறம் ஒரு வாரம். நாட்கள் முடிந்ததும் பெற்றோரில் ஒருத்தர் பிள்ளையோடு வந்து, தலைமையாசிரியர் அறையில் நின்று, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கேட் திறக்கும். பாடம் போகிறதே என்றுதானே லேட்டாக வரக் கூடாது என்கிறார்கள்? அரை பீரியடு போனதற்கு மூன்று நாள் பாடத்தைப் பிடுங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. கேட்டால் ஒழுங்கு என்பார்கள்.

முதல் தடவை ஜூலையில். சஸ்பெண்ட் என்ற வார்த்தையைப் பள்ளிக்கூடத்தில் கேட்பது தேசம்மாவுக்கு அதுதான் முதல் தடவை. லஞ்சம் வாங்கின போலீஸ்காரனைத்தான் அப்படிச் செய்வார்கள் என்று நினைத்திருந்தாள். கடிதத்தை ஹர்ஷினியே தெலுங்கில் எழுதினாள். அம்மாவுக்குத் தமிழில் சொல்லியும் காட்டினாள். "இனிமே என் பொண்ணு லேட்டா வராது, இந்த ஒரு வாட்டி மன்னிச்சுடுங்கன்னு போட்டுக்கீறேன்மா."

தேசம்மா கீழே கையெழுத்துப் போட்டாள், தமிழில். தலைமையாசிரியர் அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊரில் பாதிப்பேர் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார்கள். படித்துவிட்டுத்தான் போடுகிறார்கள் என்பது அவர் எண்ணம்.

ஆகஸ்டில் இரண்டாவது தடவை. ஐந்து நாள். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறிவிட்டது? அங்கன்வாடிக் கதவு ஒன்பதுக்குத்தான் திறந்தது. பக்கத்து வீட்டில் விடலாம் என்றால் அவர்களும் ஆறு மணிக்கே பூக்கட்டப் போகிறவர்கள். நாகேந்திரனுக்குப் போன் போட்டாள். "ஷிஃப்ட்ல கீறேன், நீயே பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டான். அவனையும் சொல்லிப் பிரயோசனமில்லை. அங்கே போன் பேசினாலே மேஸ்திரி முறைப்பான்.

அந்த ஐந்து நாளும் பெண்ணைத் தனியாக வீட்டில் விட மனம் வராமல், நிதினை அங்கன்வாடியில் விட்டதும் லாட்ஜுக்கு வந்துவிடச் சொன்னாள். ஹர்ஷினி மாடிப்படியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நாள் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் அம்மா ஒற்றை ஆளாக மெத்தையைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தாள். நாலாம் நாள் பார்த்தால், சுமித்ரா ஒரு அறை முடிப்பதற்குள் இவள் இரண்டு அறை முடித்திருந்தாள். விரிப்பின் நாலு மூலையும் கவர் மடித்த மாதிரி இருந்தது. லாட்ஜ் மேனேஜர் சிட்டிபாபு எட்டிப் பார்த்தான்.

"ஏம் தேசம்மா, பொண்ணு உன்னைவிட ஃபாஸ்டா கீதே. சும்மா தானே கீது, டெய்லி கூட்டியா."

"அது படிக்கிற புள்ளண்ணா," என்றாள் தேசம்மா.

"நானும் படிக்க வாணாம்னா சொல்றேன்?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அன்றைக்கு முழுவதும் தேசம்மாவுக்கு மனசே சரியில்லை. உள்ளுக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஹர்ஷினி பத்தாவது பாஸ் பண்ணி பாலிடெக்னிக் சேர வேண்டும். அதற்கு மேல் அவள் எதையும் சாமியிடம் கேட்டதில்லை. ஏழு மலைக்கு அடியில் குடியிருந்துகொண்டு இவ்வளவு குறைவாகக் கேட்கிறவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். என்ன ஆனாலும் மகள் அடுத்தவர் படுத்த விரிப்பை உதறக் கூடாது. "இனிமே நீ மெத்தையத் தொட்ட, கைய ஒடச்சுடுவேன்" என்று அன்று சாயங்காலம் திட்டினாள். ஹர்ஷினி சிரித்தாள்.

மூன்றாவது தடவைதான் வயிற்றெரிச்சல். எட்டு நாள் பாடம் போயிருந்ததால் கணக்குப் பரீட்சையில் ஹர்ஷினி ஃபெயில். கணக்கு சார் விடைத்தாளைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பாடம் நடத்தும்போது எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டார்.

"நீங்க தானே சார் வெளிய அனுப்பினீங்க," என்றாள் ஹர்ஷினி.

உண்மைதானே? வகுப்பே சிரித்துவிட்டது. சாருக்கு முகம் சிவந்துவிட்டது. எதிர்த்துப் பேசியதற்கு ஒரு வாரம். பாடம் தெரியாததற்குக் காரணம் வெளியே அனுப்பியது, அதைச் சொன்னதற்குத் தண்டனை மறுபடி வெளியே அனுப்புவது. கிணற்றடி ராட்டினம்கூட நடுவில் ஒரு குடம் தண்ணீர் தரும்.

மறுபடி கடிதம், மறுபடி கையெழுத்து. தேசம்மா தலைமையாசிரியர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சாரு, சின்னப் பொண்ணு, தெரியாமல் பேசிவிட்டது. வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்துத் தடவையாவது "சாரி சார்" சொல்லியிருப்பாள். ஹர்ஷினி கதவோரம் தலைகுனிந்து நின்றாள். அவள் பார்வை அம்மாவின் கட்டின கைமேல் இருந்ததைத் தேசம்மா கவனிக்கவில்லை.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். அன்று நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "அம்மா, பிள்ளைகளைக் கையால் தொடக் கூடாது என்கிறது சட்டம். நாலு வார்த்தை கடுமையாகத் திட்டினால், வீட்டுக்குப் போய் எதையாவது செய்துகொள்வார்களோ என்று எனக்கே தூக்கம் வராது. லேட்டாக வருகிறவர்களை விட்டுவிட்டால் நாளைக்கு நூறு பேர் லேட்டாக வருவார்கள். என் கையில் மிச்சமிருப்பது அந்த கேட் ஒன்றுதான்" என்றார். கேட்டைத் தவிர வேறு எதையும் அவர் யோசித்துப் பார்க்கவில்லை. அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேசம்மாவும் சொல்லவில்லை. சொன்னால் எதிர்த்துப் பேசினது போல ஆகிவிடுமோ என்று பயம்.

பொங்கல் முடிந்து நாலாவது தடவை. மேலதிகாரிகள் பார்வையிட வந்திருந்த நாளாகப் பார்த்து ஹர்ஷினி பிரார்த்தனை நடுவில் ஓடி வந்து நின்றாள். நிதினுக்கு அன்று காய்ச்சல். மறுநாள் காலை பெற்றோர் வர வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். எப்போதும் நாட்கள் முடிந்த பிறகுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை முதலிலேயே கூப்பிடுகிறார்களே என்று தேசம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. வீட்டில் உட்கார வைக்காமல் கையெழுத்தோடு விட்டுவிடுவார்கள் போல என்று நினைத்தாள். சிட்டிபாபுவிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு போனாள்.

மேஜைமேல் காகிதம் தயாராக இருந்தது. இந்தத் தடவை கையால் எழுதினது இல்லை. அச்சடித்த தாள், நடுநடுவே கோடிட்ட இடத்தில் பேனாவால் நிரப்பியிருந்தார்கள். தலைமையாசிரியர் அவளைப் பார்க்காமல் வேறொரு ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "சதுவுகொனி சந்தகம் பெட்டண்டி" என்றார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று அர்த்தம்.

தேசம்மா படித்தாள். அதாவது, மேல் வரியிலிருந்து கீழ் வரி வரைக்கும் கண்ணை ஓட்டினாள், எவ்வளவு நேரம் ஓட்டினால் படித்ததாகத் தோன்றுமோ அவ்வளவு நேரம். எழுதுகிற கிளார்க் வேறு எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் அச்சடித்த தாள் என்பது மனசில் நெருடியது. காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் வந்தாள்.

"இன்னா எழுதிக்கீது, ஹர்ஷி?" என்று தமிழில் மெதுவாகக் கேட்டாள்.

ஹர்ஷினி வாங்கிப் படித்தாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. அறைக்குள் தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். ஹர்ஷினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

"எப்பவும் போலத்தான்மா. போட்டுட்டு வா, போலாம்."

தேசம்மா போட்டாள். "எத்தனை நாள் சார்?" என்று கேட்டதற்கு, "ஆபீஸிலிருந்து போன் வரும்மா" என்றார். நாள் கணக்கே சொல்லவில்லையென்றால் மனசு இரங்கிவிட்டார் என்று அவளாக எடுத்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

போன் வரட்டும் என்று ஹர்ஷினி வீட்டிலேயே இருந்தாள். பத்து நாள் ஆயிற்று. போன் வரவில்லை. பதினோராம் நாள் அவளே போனாள். தலைமையாசிரியர் சித்தூருக்கு மீட்டிங் போயிருந்தார். கிளார்க் ஒரு உறையை எடுத்து நீட்டினான்.

"நீங்க கேட்ட டி.சி. ரெடியா கீதும்மா. எடுத்துக்கினு போங்க."

"நான் எங்கே டி.சி. கேட்டேன்?"

அவன் ஃபைலைத் திருப்பிக் காட்டினான். அந்த அச்சடித்த தாள். கீழே அவள் கையெழுத்து, அழகான தமிழில். வீட்டுச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில், என் மகளை இந்தப் பள்ளியிலிருந்து விடுவித்துக்கொள்கிறேன் என்று அவன் தெலுங்கில் உரக்கப் படித்தான். காதால் கேட்டதும் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

"எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாதய்யா!" என்றாள்.

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். கிளார்க் நம்பவில்லை. சத்தியம் செய்தாள். அழுதாள். நான் சோளிங்கரில் தமிழில் படித்தவள், இது மன்னிப்புக் கடிதம் என்றுதான் போட்டேன், யாராவது பெற்ற பெண்ணின் படிப்பைத் தானே நிறுத்துவார்களா என்று, குண்டூர் வக்கீல் தோற்றுப்போகிற தெலுங்கில் கேட்டாள். பேசப்பேச அவன் முகத்தில் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு சுத்தமாகப் பேசுகிறவள் படிக்கத் தெரியாது என்றால் எவன் நம்புவான்? "நீங்க கண் ஓட்டிப் படிச்சதை நானே பார்த்தேன்மா. அப்புறம் உங்க பொண்ணும் படிச்சுது" என்றான். "நாங்களா யாரையும் வெளிய அனுப்பல. நீங்களா கேட்டீங்க, கொடுத்தோம்."

உங்க பொண்ணும் படிச்சுது. உறையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நடந்தாளா, ஷேர் ஆட்டோவில் வந்தாளா என்று பிறகு கேட்டால் அவளுக்கு நினைவில்லை.

வீட்டில் ஹர்ஷினி நிதினுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"உனுக்குத் தெரியுமா?" என்றாள் தேசம்மா.

"தெரியும்மா."

அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது. நிதின் பயந்து அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்டி பொய் சொன்ன? நான் உன்ன நம்பித்தானேடி கேட்டேன்."

ஹர்ஷினி நிதினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "டி.சி.ன்னு சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப? அந்தாளு கால்ல வுழுந்திருப்ப. போன வாட்டி கையக் கட்டிக்கினு நின்னியே, அதையே என்னால பாக்க முடில. எப்படியும் அங்கன்வாடி ஒம்பதுக்குத்தான் தொறக்கும். அடுத்த மாசம் மறுபடியும் கூப்புடுவாங்க. நீ மறுபடியும் நிக்கணும். எதுக்கும்மா?"

ஹர்ஷினி சொன்னதில் எது தப்பு? தேசம்மா காலில் விழுந்திருப்பாள்தான். பெண்ணின் படிப்புக்காக ஒருத்தர் காலில் விழுவதில் தனக்கு என்ன குறைந்துபோகிறது என்று மகளுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகளைக் கட்டிக்கொள்வதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் லாட்ஜில் பத்து மணிக்கு, தலைவலி என்று சொல்லிவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியர் இருந்தார். அவள் வாசல்படி தாண்டினதும் காலில் விழுந்தாள். அவர் பதறிப்போய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "லேவண்டம்மா, லேவண்டி" என்றார். எழுந்திருக்கச் சொல்கிறார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பெயரை எடுத்தாகிவிட்டது, வருஷக் கடைசியில் மறுபடி சேர்க்க தனக்கு அதிகாரம் இல்லை என்றார். "ஜூன்லோ ரண்டி, ஜூன்ல வாங்க. வேற ஸ்கூல்ல கேட்டாலும் ஜூன்லதான் சொல்வாங்க" என்றார். அந்தக் காகிதத்தில் அப்படி எழுதியிருந்தது அவளுக்குத் தெரியாது என்பதை அவர் மட்டும் நம்பினார். நம்பி என்ன செய்ய?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஹர்ஷினி சோறு வடித்து வைத்திருந்தாள்.

"இன்னைக்கு ஏன்மா இவ்ளோ நேரம்?"

"பஸ்ஸு கெடைக்கல," என்றாள் தேசம்மா.

ஹர்ஷினி தட்டை எடுத்து வைத்தாள். குழம்பு ஊற்றினாள். அம்மா இரண்டு வாய் சாப்பிடும் வரை காத்திருந்தாள்.

"மா, சிட்டிபாபு அண்ணாக்குப் போன் பண்ணேன். நாளைலேந்து வரச் சொல்ட்டாரு. தம்பிய வுட்டுட்டு ஒம்போதரைக்கு வந்தாப் போதுமாம்."

ஜூன் வரைக்குந்தானே என்று தேசம்மா கேட்க நினைத்தாள். கேட்டால் ஹர்ஷினி ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.